தண்ணீர் இல்லாத நீச்சல் வகுப்பு

மூங்கில் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அந்த ஆற்றில் ஒரு நீர்நாய் வாழ்ந்தது. நீச்சலில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை.

ஐப்பசி மழை வந்தால் ஆறு கரையை மீறிக் காட்டுக்குள் புகுந்துவிடும். விலங்குகள் எல்லாம் பக்கத்துக் குன்றில் ஏறித் தப்பிக்கும். சென்ற ஆண்டு முயல் கிளம்பக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதன் குட்டிகளில் ஒன்று வெள்ளத்தோடு போய்விட்டது. அன்றிலிருந்து முயலுக்கு ஒரே நினைப்பு, எப்படியாவது நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று.

"நீர்நாய் அண்ணே, எனக்கு நீச்சல் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டது முயல்.

"உனக்கு மட்டும் எதற்கு? காட்டுக்கே சொல்லித் தருகிறேன்!" என்றது நீர்நாய்.

மலை உச்சியில் செல்போன் கோபுரம் வந்தபிறகு அந்தக் காட்டில் போன் இல்லாத விலங்கே கிடையாது. எனவே நீர்நாய் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. போனைப் பாறையில் சாய்த்து வைத்தது. சுழல் இருக்கும் இடமாகப் பார்த்துக் குதித்தது.

"பார்த்தீர்களா? மூக்கில் தண்ணீர் ஏறும். மூச்சு முட்டும். கால் தரையில் படாது. எல்லாவற்றையும் பழகிக்கொள்ளுங்கள்!" என்று கத்தியது.

முள்ளம்பன்றிக்குத் தலை சுற்றியது. சருகுமான் போனை அணைத்துவிட்டுப் புதருக்குள் ஒளிந்துகொண்டது. அடுத்த வகுப்புக்கு முயல் மட்டும்தான் வந்தது.

நீர்நாய்க்கு முகம் வாடிப்போயிற்று. அப்போது ஒரு மைனா பறந்து வந்தது. நகரத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் ஜன்னலோரத்தில் கூடு கட்டியிருந்த மைனா அது.

"அண்ணே, உங்கள் வகுப்பில் சந்தோஷமே இல்லை!" என்றது மைனா.

"மூழ்காமல் இருப்பதே சந்தோஷம்தானே?"

"ஐயோ, அப்படிப் பேசக்கூடாது! மனம் மகிழ்ந்தால்தான் பாடம் பதியும். ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள்."

"யார் சொன்னது?"

"அந்த நேரம் பார்த்து ஜன்னலை மூடிவிட்டார்கள். பெயர் காதில் விழவில்லை."

நீர்நாய் வகுப்பை மைனாவிடம் ஒப்படைத்தது. மறுநாளே வகுப்பு மாறிவிட்டது. தொடக்கத்தில் குயில் பாடியது. பட்டாம்பூச்சிகள் ஆடின. போனைத் திறந்தாலே, "சபாஷ்! நீங்கள் வந்துவிட்டீர்கள்!" என்று எழுத்து மின்னியது. கேள்விகளும் உண்டு. மீன் எங்கே வாழும் என்ற கேள்விக்குச் சருகுமான் 'மரத்தில்' என்று பதில் போட்டது. அதற்கும் சபாஷ் கிடைத்தது!

பாடம் முடிந்ததும் மாணவர்கள் சிரிக்கும் முகமோ அழும் முகமோ அனுப்ப வேண்டும். எந்த இடத்துக்கு அழும் முகம் வருகிறதோ அந்த இடத்தை மைனா வெட்டிவிடும். மூக்கில் தண்ணீர் ஏறும் பாடத்துக்கு அழும் முகம் வந்தது. வெட்டியாயிற்று. ஆழம் பற்றிய பாடம் போயிற்று. உடம்பு நனையும் பாடமும் போயிற்று. கடைசியில் வகுப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிஞ்சவில்லை.

"தண்ணீரே இல்லாமல் நீச்சலா?" என்று நீர்நாய் திகைத்தது.

"புல்லில் படுத்துக் கையையும் காலையும் ஆட்டினால் போதும் அண்ணே! தண்ணீரை அவரவர் மனதில் நினைத்துக்கொள்ளட்டும்."

நீர்நாய் போனைப் பார்த்தது. காடு முழுவதிலிருந்தும் சிரிக்கும் முகங்கள் வந்து குவிந்திருந்தன. 'உங்களைப் போல் ஓர் ஆசிரியர் உண்டா!' என்று முள்ளம்பன்றி எழுதியிருந்தது. நீர்நாய் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. அன்று மீன் பிடிக்கக்கூட மறந்துபோயிற்று.

முயல் மட்டும் ஒரு நாள் கேட்டது: "ஒரு தடவையாவது ஆற்றில் இறங்கிப் பார்க்கலாமா?"

மைனாவிடமிருந்து உடனே பதில் வந்தது: "இப்படிக் கேட்டால் மற்றவர்களின் உற்சாகம் குறையும். தயவுசெய்து ஒரு சிரிக்கும் முகம் அனுப்பவும்!"

முயல் அனுப்பியது. பிறகு புல்லில் படுத்துக் காலை உதைத்தது. "சபாஷ்! நீங்கள் ஒரு மீன்!" என்றது போன். தினமும் கேட்டுக் கேட்டு, முயலும் அதை நம்பத் தொடங்கியது.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. ஆறு பொங்கியது. ஆனால் இந்த முறை யாரும் குன்றில் ஏறவில்லை.

"நமக்குத்தான் நீச்சல் தெரியுமே!" என்று அவரவர் இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

வெள்ளம் வந்தது. முள்ளம்பன்றி மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கியது. அப்படியே முங்கியது. முயல் தன் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, புல்லில் படுப்பதுபோல் தண்ணீரில் படுத்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. குட்டிகள் சரிந்து விழுந்தன.

"அருமை! அப்படித்தான்! தொடருங்கள்!" என்று மைனா மரக்கிளையில் உட்கார்ந்து கூவியது.

நீர்நாய் பாய்ந்து வந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் குன்றில் சேர்த்தது. முயலின் காதைப் பிடித்து இழுத்து வந்தது. முள்ளம்பன்றியைத் தள்ளிக் கரையேற்றியபோது நீர்நாயின் உடம்பெல்லாம் முள் குத்தி ரத்தம். சருகுமான் எப்படியோ ஒரு மரக்கட்டையைப் பிடித்துத் தப்பியது. உயிர்கள் பிழைத்தன. அவ்வளவுதான்.

முயல் நடுங்கிக்கொண்டே பேசியது. "அண்ணே, வகுப்பு இல்லாமல் இருந்திருந்தால் மழை தொடங்கியதுமே குட்டிகளோடு குன்றில் ஏறியிருப்பேன். நீங்கள் சபாஷ் சொன்னதை நம்பித்தான் வளையிலேயே இருந்தேன்!"

நீர்நாயால் அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மைனா தாழ்வான கிளைக்கு வந்தது. "இன்றைய அனுபவம் எப்படி? ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்கள்!"

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது. மைனா நகரம் இருக்கும் திசையில் பறந்துபோயிற்று.

வெள்ளம் வடிந்தது. நீர்நாய் எல்லாரையும் ஆற்றுக்கே வரவழைத்து மறுபடி வகுப்பு எடுத்தது. இந்த முறை சுழலில் குதிக்கவில்லை. ஆற்றோரத்தில் முழங்கால் ஆழத்தில் நின்றது. "இன்று மூக்கை மட்டும் நனையுங்கள். பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். யாருக்கு எந்த இடத்தில் பயம் என்று எனக்குச் சொல்லுங்கள். அந்த இடத்தை மெதுவாகச் சேர்ந்து பழகுவோம்" என்றது.

முயல் தும்மியது. இருமியது. ஒரு நாள் கோபித்துக்கொண்டு வகுப்புக்கு வராமலும் இருந்தது. மறுநாள் அதுவாகவே வந்தது. தை பிறந்த பிறகு ஒரு காலையில், ஆற்றோரம் தேங்கிய நீரில் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தானாகவே நீந்திப் போய்விட்டது.

"அண்ணே! நான் மிதந்தேன்! மிதந்தேன்!" என்று முயல் போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. குட்டிகள் கரையில் துள்ளிக் குதித்தன.

கற்பவர் பயப்படும் இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புகழ்ந்து பேசும் பாடம் அன்றைக்கு மட்டுமே சிரிக்க வைக்கும். அந்த இடத்தைத் தாண்ட உதவும் பாடமே உண்மையான மகிழ்ச்சியைத் தரும்.