வாசலில் கேட்டிருப்பாங்க

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆறெல்லாம் கரை தொட்டு ஓடிய நாளில், கொன்றை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யாரென்று பார்க்க மாட்டார். கோபம் போனபின் எதற்கு வந்தது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

ஒருநாள் அவர் வெற்றிலை துப்புகிற வெள்ளிப் படிக்கம் காணாமல் போனது. வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு சிங்காசனத்தில் உட்கார்ந்து "ம்ம்! ம்ம்ம்!" என்று உறுமுகிறார், சபைக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஜன்னலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்துதான் கத்தினார்.

"போன மாசம் குத்துவிளக்கு! இந்த மாசம் படிக்கமா? என் அரண்மனையா, சந்தைக்கடையா?"

கோட்டைத் தளபதி மழவரையர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "மகாராஜா, இருக்கிற மதில் போதவில்லை. வெளியே இன்னொன்று எழுப்புவோம். சாயக்காரத் தெருவை இடித்தால் இடம் கிடைத்துவிடும்."

மந்திரி ஆவுடையப்பர் சட்டென்று எழுந்தார். நாட்டுக்கே சேலை வேட்டிக்குச் சாயம் தோய்க்கிற ஜனங்கள் குடியிருக்கிற தெரு அது. "அவர்கள் எங்கே போவார்கள், தளபதியாரே?"

"அது மந்திரி கவலை. என் கவலை மதில்."

"மகாராஜா, திருடன் மதில் ஏறி வரவில்லை. வாசல் வழியாக நடந்துதான் வருகிறான். உள்ளே வந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை."

"என் வாசலிலா?" தளபதி கொதித்தார். "ஈ வந்தால்கூட 'நீ எந்த வீட்டு ஈ' என்று கேட்டுத்தான் விடுவேன்!"

சபை சிரித்தது. ராஜா தொடையைத் தட்டினார். "ஆவுடையப்பரே, மதில் உதவாது என்று நாளைக்கே காட்டும். காட்டாவிட்டால் மந்திரித் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் புது மதிலுக்கு நீரே கல் சுமக்க வேண்டும்."

மறுநாள் ராஜா மதியச் சாப்பாட்டை முடித்து, ஏப்பம் விட்டபடி தூங்கப் போனார். அறைக்குள்ளிருந்து ஓர் அலறல். எல்லோரும் ஓடினார்கள்.

ராஜாவின் கட்டிலில் ஓர் எருமை படுத்திருந்தது. பட்டுத் தலையணையைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி பால்காரி காத்தாயி.

"கும்பிடுறேன் சாமி. மந்திரி ஐயாதான் இங்கே கொண்டாந்து கட்டச் சொன்னாரு."

காவலர்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

"பெரிய வாசலில் யார் விட்டது?"

"நான்தான் மகாராஜா. தினம் வர்ற பால்காரம்மாதானே, நம்ம ஆளுன்னு விட்டேன்."

"தாழ்வாரத்தில்?"

"வாசலில் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சேன் மகாராஜா."

"மாடிப்படியில்?"

"நானும் அப்படித்தான்... வாசலில் கேட்டிருப்பாங்கன்னு..."

"அட பாவி! எருமை மாடிப்படி ஏறுவதைப் பார்த்துமா சும்மா நின்றாய்?"

"சும்மா நிக்கலை மகாராஜா. ஏற முடியாம சிரமப்பட்டுது. பின்னாலிருந்து தள்ளிவிட்டேன்."

ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆவுடையப்பர் மெதுவாகச் சொன்னார்: "வாசலைத் தாண்டினால் நம்ம ஆள் என்று நம்பினோம் மகாராஜா. அந்த நம்பிக்கையே வேண்டாம். ஒவ்வொரு கதவும் தனியாகக் கேட்கட்டும். நீ யார், கையில் என்ன, இங்கே உனக்கு என்ன வேலை? சமையல்காரனுக்குச் சமையலறைக் கதவு திறந்தால் போதும். வேலை முடிந்தால் அதுவும் மூடட்டும். காலையில் கேட்டோமே என்று சாயங்காலம் சும்மா விடக் கூடாது."

"ராஜாவையுமா கேட்பது?" தளபதி குத்தலாகக் கேட்டார்.

"ராஜாவையும்தான். ராஜா வேஷத்தில் ஒருவன் வந்தால் வேறெப்படிப் பிடிப்பது?"

"செய்து பாரும்," என்றார் ராஜா. "சரிப்படாவிட்டால் மதில்தான்."

கதவெல்லாம் கேட்க ஆரம்பித்தன. அந்த வாரமே, விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்தவன் பண்டகசாலைக் கதவில் பதில் தெரியாமல் முழித்தான். எண்ணெய்த் தூக்கில் என்ன என்று பார்த்தால் வெள்ளித் தட்டு.

தளபதிக்குத் தூக்கம் போயிற்று. ராஜாவின் வாள் பட்டறைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, தன் வாளை அவர் இடுப்பில் கட்டிவிட்டு, "கஜானாவைப் பார்த்து நாளாயிற்றே மகாராஜா" என்று கிளப்பிவிட்டார். கதவில் ராஜாவைத் தடுப்பார்கள், ராஜா குதிப்பார், மந்திரி கதை முடிந்தது என்பது அவர் கணக்கு. சபையையே பின்னால் அழைத்துக்கொண்டார். ஆவுடையப்பரும் கூடவே நடந்தார்.

கஜானாக் காவலன் சடையன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"யாருங்க?"

"உனக்குக் கண்ணில்லையா?" ராஜாவின் முகம் சிவந்தது.

"இருக்கு மகாராஜா. முகம் உங்க முகம்தான். இடுப்புல இருக்கிறது உங்க வாள் இல்லீங்களே. நீங்க வரலாம். அந்த வாளை உருவிக் காட்டாம உள்ளே விட முடியாதுங்க."

தளபதி முகத்தில் புன்னகை. ராஜா வாளை வெடுக்கென்று இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். துருப்பிடித்த வாள் கிறீச்சென்று பாதிதான் வந்தது. கூடவே ஒரு பல்லி, தன் முட்டைகள் உருண்டு விழுவதைப் பார்த்துவிட்டுச் சுவரில் ஏறி ஓடியது.

எல்லோரும் தளபதியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மழவரையரே," என்றார் ராஜா, "பல்லி குடித்தனம் நடத்துகிற வாளை வைத்துக்கொண்டா என் நாட்டைக் காத்தீர்? இதற்கு எத்தனை மதில் கட்டினால் போதும்?"

தளபதி அவசரமாக வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"மதிலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சாயக்காரத் தெருவில் ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது. நீர் போய் முதலில் துருவைத் தேயும்."

சடையனுக்குத் தம் சால்வையையே போர்த்தினார். சபைக்குத் திரும்பி, ஆவுடையப்பர் கழுத்தில் முத்துமாலை போட்டார். பிறகு ராஜா போனார், பிரதானிகள் போனார்கள், தளபதியும் வாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆவுடையப்பர் மட்டும் காலியான சபையில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு மூச்சே சீராக வந்தது.

சபைக் கதவுக் காவலன் வந்து நின்றான்.

"ஐயா, சபை கலைஞ்சாச்சு. இங்கே உங்களுக்கு இனி என்ன வேலை?"

"நான் மந்திரிடா!"

"தெரியுதுங்க. வேலை என்னன்னுதான் கேக்கறேன்."

ஆவுடையப்பர் வாயைத் திறந்தார். யோசித்தார். எவ்வளவு யோசித்தும் பதில் வரவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி படியிறங்கி வீட்டுக்கு நடந்தார்.