ஒரு ஸ்லாட்டுக்கு மூன்று கார்டு

ஓர் இடத்துக்கு மூன்று பேர் சண்டை போட்ட கதை இது. இடம் என்றதும் நிலம், நாற்காலி என்று போய்விடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளே, மதர்போர்டில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன ஸ்லாட். அதில் ஒரு கார்டைச் செருகினால் கம்ப்யூட்டர் புதிதாக ஒரு வேலை செய்யும். எந்த வேலை என்பதில்தான் வம்பு.

தாமிரபரணிக் கரையில் பார்வையற்ற பெண்களுக்கான பள்ளி ஒன்று. அங்கே கணக்கு டீச்சர் செண்பகவல்லி. அவளுக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. கோபத்துக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. போன வருஷம் பள்ளியின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. யாரோ ஒரு புண்ணியவான் தன் மகன் கேம் விளையாடிய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். பள்ளியில் இருந்த பழைய பிரெயில் அச்சு இயந்திரத்தின் அகலமான வயரை மாட்ட அதில் வழியில்லை. நடுவில் யு.எஸ்.பி. வயர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். புள்ளிகள் தாறுமாறாக விழுந்தன. கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இஸ்ரவேல் அதற்கென்றே ஒரு கார்டு வாங்கிவந்து சின்ன ஸ்லாட்டில் செருகினார். இயந்திரம் அழகாக அடித்தது.

அவர் வேலை செய்தபோது செண்பகவல்லி பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள்.

"இது என்ன, இம்புட்டு நீளமா?"

"அதுவும் ஸ்லாட்டுதான் டீச்சர். அமைப்பெல்லாம் சின்னது மாதிரியேதான், நீளம் மட்டும் கூட. படத்துக்கான பெரிய கார்டு அதுல இருக்கு. போர்டுலயே படத்துக்கு ஒரு வழி உண்டு. ஆனா இந்தக் கார்டு இருந்தா படம் பளிச்சுனு இருக்கும்."

மறுவாரமே போட்டி தொடங்கிவிட்டது. பாட்டு வாத்தியார் ஞானமுத்து சவுண்டு கார்டு போட வேண்டும் என்றார். பிள்ளைகளின் பாட்டைப் பதிவு செய்தால் பின்னால் இரைச்சல் கேட்கிறதாம். தாளாளர் வேதநாயகம் வைஃபை கார்டோடு வந்தார். நன்கொடை தருகிறவர்களுக்குப் பள்ளியை வீடியோவில் காட்ட வேண்டுமாம். அவரைக் கண்டதும் ஞானமுத்து பின்வாங்கிவிட்டார். அவர் சுபாவம் அப்படி.

"அரைப்பரீட்சை வருது சார். கேள்வித்தாள் அடிக்கணும்" என்றாள் செண்பகவல்லி.

"யாராவது வாசிச்சுச் சொல்லட்டும் டீச்சர். போன பரீட்சையில அப்படித்தான நடந்துச்சு?"

"வாசிச்சவரு அடைப்புக்குறிய விட்டுட்டாரு சார். வகுப்பே தப்பாப் போட்டுச்சு. எங்க பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். அடுத்தவங்க வாயப் பாத்துக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கணும்?"

"இருக்கறது ஒரு ஸ்லாட்டு. வைஃபை அதுலதான் இருக்கும். யாரும் அதுல கை வைக்கப்படாது" என்று சொல்லி, அவளுடைய கார்டைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தார் தாளாளர்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"வைஃபைல கை வைக்க மாட்டேன் சார். கேள்வித்தாளும் அடிப்பேன்."

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், கம்ப்யூட்டர் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். மின்சார வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் மூடியைத் திறந்தாள். சற்று நேரத்தில் அச்சு இயந்திரம் அடிக்கும் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. தாளாளர் கைகூடக் கழுவாமல் ஓடிவந்து கதவைத் தட்டினார். அவள் தாழைத் திறந்துவிட்டாள். வைஃபை கார்டு சின்ன ஸ்லாட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. யு.எஸ்.பி. வயர் எதுவும் இல்லை. புதிதாக எதுவும் வாங்கவுமில்லை. கேள்வித்தாள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது.

சின்ன ஸ்லாட்டைத் தொடாமல் செண்பகவல்லி தன் கார்டை எங்கே செருகினாள்? சொன்ன சொல்லை மீறினாளா, இல்லையா?

விடை: நீள ஸ்லாட்டில். சின்ன கார்டு நீள ஸ்லாட்டிலும் ஜம்மென்று உட்காரும், வேலையும் செய்யும். படத்துக்கான பெரிய கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். திரையின் வயரை போர்டிலேயே இருந்த துளையில் மாற்றிச் செருகினாள். சொல்லை மீறவில்லை. அந்தப் பெரிய கார்டு இல்லாமல் அந்தப் பள்ளியில் எந்த வேலையும் நிற்காது என்பது கண்ணுள்ள ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. தாளாளர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "படம் முன்ன மாதிரி பளிச்சுனு இல்லையே டீச்சர்" என்றார். செண்பகவல்லி அப்போதுதான் விழுந்த ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இது பளிச்சுனு இருக்கு சார், தொட்டுப் பாருங்க."