நிழலில் பானை இறக்கிய குற்றம்

கருங்கோட்டை ராஜ்யத்தில் சோற்றுக்குப் பஞ்சம் வந்ததுண்டு, சட்டத்துக்கு வந்ததே இல்லை. மொத்தம் நாற்பத்திரண்டு கட்டு ஓலை. அத்தனையையும் ஓர் அறையில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர் அகோர பண்டிதர். அவர் மகா மேதாவி என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான்.

ஒரு நாள் மோர்க்காரி அங்காயியைச் சேவகர்கள் அரசவைக்கு இழுத்து வந்தார்கள். எதற்கென்றே அவளுக்குப் புரியவில்லை. வெயில் தாங்காமல் கோட்டை மதில் ஓரமாக மோர்ப்பானையை இறக்கி வைத்தாள். அவ்வளவுதான்.

"மதிலின் நிழல் மன்னருக்கே சொந்தம்!" என்று பண்டிதர் முழங்கினார். "அதில் சுமை இறக்கினால் ஆறு மாதம் சிறை!"

அங்காயிக்குக் குழந்தை ஞாபகம்தான் வந்தது. வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காது.

"எனக்குத் தெரியாதே சாமி! யாரும் சொல்லலியே!" என்று அழுதாள்.

"தெரியாதது உன் தப்பு. தண்டோரா போட்டோமே!"

"எங்கே போட்டீர்கள்?" என்று கேட்டார் மருதப்பர். அரசவைப் புலவர். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

"ஆயுதக் கிடங்குக்குள். முறைப்படி மூன்று தடவை."

"கேட்டது யார்?"

"தண்டோரா போட்டவன் கேட்டானே!"

வெட்கமில்லாமல் சொன்னார் மனுஷர். மன்னர் வீரகேசரியோ பாட்டனார் காலத்துச் சட்டமாயிற்றே என்று கையைப் பிசைந்தார்.

மருதப்பர் முன்னால் வந்து கைகூப்பினார். "மகாராஜா, என்னையும் தண்டியுங்கள். இன்று காலை ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்துண்டை இடது தோளில் போட்டபடி கோட்டை வாசலைத் தாண்டிவிட்டேன். அதற்குத் தண்டனை உண்டோ என்னவோ, பண்டிதருக்குத்தான் தெரியும்."

இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று அங்காயி திகைத்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாரே, பாவம்!

பண்டிதர் முகத்திலோ அப்படி ஒரு மலர்ச்சி. தினம் தினம் கிண்டல் செய்கிறவன் தானாக வந்து கழுத்தை நீட்டினால் விடுவாரா?

"உண்டோவா? பன்னிரண்டு கசையடி! நாற்பதாம் கட்டு, ஒன்பதாம் ஓலை. மகாராஜாவின் பாட்டனார் தம் கைப்பட எழுதியது!"

"வலது தோளாக இருந்தால்?"

"ஆறு அடி. வலது தோளுக்குச் சலுகை உண்டு."

"அந்த ஓலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அடி வாங்கிக்கொள்கிறேன், மகாராஜா."

மன்னர் உத்தரவிட்டார். கட்டு வந்தது. ஒன்பதாம் ஓலையில் அரண்மனை வாத்துகளுக்குத் தவிடு வைக்கும் முறை எழுதியிருந்தது.

பண்டிதருக்கு வியர்த்துக் கொட்டியது. "வேறு கட்டில்... இதோ, தேடி எடுக்கிறேன்..."

"எங்கே தேடினாலும் கிடைக்காது ஐயா," என்றார் மருதப்பர். "மகாராஜா, நான் இன்றைக்குக் குளிக்கவே இல்லை. இந்த அம்மாள் அழுததைப் பார்த்து, இங்கே நின்றபடி நான் இட்டுக்கட்டிய குற்றம் இது. இது பிறந்து கால் நாழிகைகூட ஆகவில்லை. தங்கள் பாட்டனார் காலமாகி முப்பது வருஷம். ஆனாலும் இதற்குத் தண்டனையைக் கைப்பட எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார்! எது சட்டம், எது புளுகு என்று சாவி வைத்திருப்பவருக்கே தெரியவில்லை. மோர் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம்!"

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். அங்காயியை அப்போதே விடுதலை செய்தார். மருதப்பருக்குப் பட்டாடை போர்த்தினார். பிறகு பண்டிதரைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நாளை முதல் சந்தையில் நின்று ஒவ்வொரு ஓலையாக உரக்கப் படியும். கேட்கிற ஜனம் எதற்குச் சிரிக்கிறதோ அதை அங்கேயே அடுப்பில் போடும்."

ஒரே வாரத்தில் நாற்பத்தோரு கட்டு எரிந்து போயிற்று என்று சொல்வார்கள். அங்காயி அந்த உத்தரவைக்கூடக் கேட்க நிற்கவில்லை. விடுதலை என்றதும் பானையை மறந்து வீட்டுக்கு ஓடினாள். குழந்தை பசித்து அழுதுகொண்டிருந்தது.