மின்னியைக் கூப்பிடும் குரல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உடனே கிடைக்காது. தவசீலனுக்கே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

போர்னியோவில் ஒரு காட்டோரம் ஆசான் வெள்ளையப்பரின் குடில். தாயைப் பறிகொடுத்த ஒராங்குட்டான் குட்டிகளை வளர்த்து, மறுபடி காட்டுக்கே அனுப்புவது அங்கே வேலை. அனுப்பிய பிறகு அவற்றைக் கூப்பிடக் கூடாது, தின்னக் கொடுக்கக் கூடாது. ஆசான் வைத்த சட்டம் அது ஒன்றுதான்.

சீடன் தவசீலனின் தொண்டையில் ஒரு திருவிழாவே குடியிருந்தது. இருவாச்சிப் பறவை, மரம் அறுக்கும் ரம்பம், ஆசானின் இருமல் எல்லாம் அச்சு அசலாக வரும். ஆசானிடமே இருமிக் காட்டிவிட்டு, "ஏன் ஆசானே சிரிக்கவில்லை?" என்று வேறு கேட்பான்.

போன மழைக்காலத்தில் காட்டுக்குப் போன மின்னி என்ற குட்டியை அவனால் விட முடியவில்லை. மரத்தடியில் நின்று, குட்டி முனகுவதுபோல் உதட்டைக் குவித்துக் குரல் கொடுப்பான். மின்னி உச்சிக்கிளையிலிருந்து இறங்கி வந்து கை நீட்டுவாள். ஒரு ரம்புத்தான் பழம் கிடைக்கும். இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தான்.

ஒருநாள் ஆசானிடம் போய் நின்றான். எண்ணெய்க்காகப் போடும் செம்பனைத் தோட்டம் காட்டைத் தின்றுகொண்டே வருகிறது, தீ வருகிறது, துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள் என்று அடுக்கினான்.

"இதில் மின்னிக்குப் பெரிய ஆபத்து எது, ஆசானே?"

"காலையில் சொல்கிறேன்."

விடிந்ததும் தவசீலன் மடியில் பழத்தோடு காட்டுக்குள் போனான். அவனுக்கு முன்பே மரத்தடியில் யாரோ ஒருவன். முகத்தை மறைத்த தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், தோளில் சாக்கு சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அந்த ஆள் உதட்டைக் குவித்து முனகினான்.

தவசீலனின் அதே குரல்.

கிளைகள் அசைந்தன. மின்னி இறங்கினாள்.

"ஏறிடு மின்னி, ஏறிடு" என்று கத்திக்கொண்டே தவசீலன் ஓடினான். பழமெல்லாம் சிதறியது. அவன் சத்தம் கேட்டதும் அவள் இன்னும் வேகமாக இறங்கி, அந்த ஆளின் முன்னால் உட்கார்ந்து கை நீட்டினாள். அந்த ஆள் தோளிலிருந்ததை எடுத்து அவள் நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

தவசீலன் குறுக்கே பாய்ந்து இழுத்தான். சாக்கு மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது குடிலின் உலக்கை.

தொப்பிக்குள்ளிருந்து பழக்கமான இருமல் கேட்டது.

மின்னி நகரவில்லை. உலக்கையின் முனையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி பழத்துக்குக் காத்திருந்தாள்.

"ஏண்டா சிரிக்கவில்லை?" என்றார் ஆசான். "உன் குரல் எனக்குச் சரியாகத்தானே வந்தது?"