சேர்மத்துரை கைவைத்த லீக்

கோவில்பட்டி பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சேர்மத்துரைக்குக் கை வேலை செய்தால் வாய் அதைவிட இரண்டு பங்கு வேலை செய்யும். அன்று காலை எட்டே முக்காலுக்கு நாகஜோதி பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்பதரைக்குப் பரீட்சை ஹாலில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அரசாங்க வேலைக்கு, வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசிப் பரீட்சை.

அவள் தோழிக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சேர்மத்துரை சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டார்.

"அண்ணாச்சி, அந்த வீலு..."

"வீலு கெடக்கட்டும் தாயி. லீக்குன்னா என்னன்னு தெரியுமா? உள்ள இருக்க வேண்டியது நம்மளக் கேக்காம வெளிய போறதுதான் லீக்."

"அப்ப உம்ம வாயில இருந்து வாரது?" என்றார் பக்கத்து டீக்கடைப் பிச்சையா.

சேர்மத்துரை அதைக் காதிலேயே வாங்கவில்லை. "போன வருசம் கேஸ் லாரி ஒண்ணு லீக் ஆயிட்டு. ஊரே மூக்கப் பொத்திட்டு ஓடுது. நான் ஒரே ஒரு சைக்கிள் பேட்ச்ச ஒட்டினேன், நின்னுட்டு. வெளிய போன கேஸ விட்டுருவனா? வெரட்டிப் போயி மூணு டியூப்ல பிடிச்சுட்டு வந்தேன். இன்னைக்கும் எங்க வீட்டு அடுப்பு அதுலதான் எரியுது."

"வே, கேஸ எப்படி வெரட்டினீரு?"

"மொபெட்லதான்."

நாகஜோதி மணியைப் பார்த்தாள். "அண்ணாச்சி, நான் சொல்லுதத ஒரு நிமிசம்..."

"பரீட்சைக்குத்தான போற? அதுலயும் நம்ம கை இருக்கு. கேள்வித்தாள் லீக் ஆகுதுன்னு மூணு ஜீப்புல ஆபீசருங்க வந்து நின்னாங்க. நான் கட்டு மொத்தத்தயும் இதே தொட்டியில முக்கினேன். முப்பத்தேழாவது கேள்வியில குமிழி வந்துச்சு. உப்புத்தாள் தேச்சு, சொல்யூசன் தடவி ஒட்டினேன் பாரு, அதுக்கப்புறம் ஒரு கேள்வி வெளிய வரல. ஹால்ல இருந்த பிள்ளைகளுக்கே வரல. அந்த வருசம் அத்தன பேரும் பெயிலு."

பிச்சையா டீயைத் துப்பிவிட்டார். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

சேர்மத்துரை டியூபை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. நமக்கா தெரியாது என்று மூன்றாவது தடவையும் முக்கினார். அப்போதும் இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் முழித்திருப்பான். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பாத்தீரா பிச்சையா, முப்பது வருசத் தொழிலு. நான் கைய வச்சதும் லீக்கே பயந்து ஓடிட்டு."

அதற்குள் அவள் ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள்.

"பஞ்சர் ஆனது முன் வீலு அண்ணாச்சி," என்றாள். "பின் வீல்ல காத்து நல்லாத்தான் இருந்துச்சு. அதப் பிடுங்கினது நீங்கதான்."