தேலே சொன்ன "இதோ, வந்துட்டேன்"

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமா பேசின? சொற்களும் வாய் திறந்து பேசின, கைவீசி நடந்தன, குடும்பம் நடத்தின. கிரேக்க நாட்டில் தேலே என்றொரு சொல் இருந்தான். 'தொலைவில்' என்று அவனுக்குப் பொருள். பேருக்கேற்ற பிள்ளை, வீட்டில் கால் தரிக்காது. அவன் மனைவி போனே. 'குரல்' என்று அவளுக்குப் பொருள். பாவம், அவளிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

அவன் மலையேறிப் போய்விடுவான். அவள் வாசலில் நின்று கூப்பிடுவாள். "ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இதோ, வந்துட்டேன்!" என்பான். சொல்லிவிட்டு அடுத்த மலைக்கு நடப்பான். பொய் சொல்கிறோம் என்றுகூட அந்த மனுஷனுக்கு உறைத்ததில்லை.

ஒரு நாள் அவள் குரல் கம்மியிருந்தது. "உடம்புக்கு முடியலைங்க. இன்னிக்காவது வந்துடுங்க."

"இதோ, வந்துட்டேன்!"

எதிரே கடல் பளபளத்தது. ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாமே என்று அந்தப் பக்கம் இறங்கினான். அவன் குடி கெட்டது அங்கேதான்.

திரும்பி வந்தபோது போனே வாசற்படியிலேயே செத்துக் கிடந்தாள். தேலே தலையில் அடித்துக்கொண்டு, சொற்களை ஆண்ட இலக்கணத்தின் காலில் போய் விழுந்தான்.

"அவளோட என்னைச் சேத்து வச்சிடுங்க, ஐயா!"

"செத்தவளை எழுப்ப என்னால ஆகாது. அவ குரலை வேணா உன் முதுகில ஒட்டி வைக்கிறேன். ஆனா இனிமே உனக்குத் தனியா நிக்கக் காலிருக்காது. முன்னால ஒட்டுற சொல் திரும்பிப் பாக்கவும் முடியாது. சம்மதமா?"

சம்மதித்தான். டெலிபோன் பிறந்தது. உடனே முதுகுக்குப் பின்னால் கேட்டது: "ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இதோ, வந்துட்டேன்!" என்று கதறினான். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மை சொன்னான். அவள் நம்பவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

பிறகு அவனைக் காட்சியோடும் ஒட்டி டெலிவிஷன் என்றார்கள். ஊரையெல்லாம் காட்டினான், அவள் முகத்தை மட்டும் காணவில்லை. நம் ஊரில் அவனுக்குத் 'தொலை' என்று பேர் வைத்தோம். தூரத்துக்கும் அதே சொல், காணாமல் போவதற்கும் அதே சொல். அப்புறம் அவசரத்தில் அவனை உதறிவிட்டு வெறும் 'போன்' என்று அவளை மட்டும் வைத்துக்கொண்டோம். நிற்கக் காலில்லாதவன் எங்கே விழுந்தானோ, யாரும் தேடவில்லை.

அன்று முதல்தான், போனில் யார் "இதோ, வந்துட்டேன்" என்றாலும் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. குரல் காதுக்குள்ளேயே இருந்தும், "எங்க இருக்கீங்க?" என்றுதான் கேட்கிறோம்.