ருசி பார்க்க வந்தவர்

"அவன் நல்லவனா, கள்ளனான்னு எப்படிம்மா கண்டுபிடிக்கது?"

கேட்டவர் ஆவுடையப்பன். உணவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்மைவிட இளையவரான உலகம்மாளைக் குருவாக ஏற்றுக்கொண்டவர். ஏற்றுக்கொள்வதற்கு முன் அந்த அம்மாளைப் பற்றி அக்கம்பக்கத்தில் நன்றாக விசாரித்தும் கொண்டவர்.

"எவன்?" என்றார் உலகம்மாள்.

"சங்கரி கட்டிக்கிடணும்னு நிக்காள்லா, அந்த ஒரிசாக்காரன். கைவினைச் சந்தையில பலகாரக் கடை போட்டிருக்கான். சந்தை இன்னையோட முடியுது. நான் பதில் சொல்லணும்."

"மக என்ன சொல்லுதா?"

"'நீங்க வேண்டாம்னா விட்டுருதேன்'ங்கா. அதுதாம்மா எனக்குச் சந்தேகமா இருக்கு."

உலகம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, சந்தைக்குப் போவோம்."

திறந்த திடலில் ஊர் ஊராய்க் கடைகள். ஆவுடையப்பன் காஷ்மீர்ச் சால்வையைக் கசக்கிப் பார்த்தார். தேன் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நாகாலாந்து மூங்கில் குருத்து ஊறுகாயை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

உலகம்மாள் அந்த ஊறுகாயில் ஒரு கரண்டி தின்றார். இன்னொரு கரண்டி கேட்டார்.

இந்த அம்மா எப்படித்தான் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறார் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

ஒரிசாக் கடையில் சங்கரி நின்றிருந்தாள். அப்பாவைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டாள். கடைக்காரன் நிரஞ்சன் ஓடிவந்து நாற்காலி போட்டான். பவ்யம் ஜாஸ்தி, என்று குறித்துக்கொண்டார் ஆவுடையப்பன்.

"சேனாபோடா சார். பாலைத் திரிச்சு எடுத்த பன்னீர், சர்க்கரை, கொஞ்சம் ரவை. இலையில வெச்சு சுடறது."

கேட்காமலே சொல்கிறானே. இதில் எதையோ மறைக்கிறான்.

சட்டைப்பையிலிருந்து அயோடின் பாட்டிலை எடுத்து ஒரு துண்டின் மேல் சொட்டு விட்டார். நீலம் பாய்ந்தது.

"மாவு!" என்றார் ஆவுடையப்பன். பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"ரவை சார்," என்றான் நிரஞ்சன். "இப்பதான் சொன்னேன்."

உலகம்மாள் ஒரு துண்டைத் தின்று விரலை நக்கிக்கொண்டார். மகள் இந்த அம்மாவையும் கைக்குள் போட்டுக்கொண்டாளோ?

நிரஞ்சன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"சாப்பிடுங்களேன்," என்றார் உலகம்மாள்.

ஆவுடையப்பன் அவர் காதருகே குனிந்தார். "சம்மதம் சொல்லாம பிள்ளை வீட்டுல கை நனைக்கக் கூடாதும்மா. தின்னா ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"அப்ப?"

"ருசி பாத்துட்டுத் துப்பிருதேன். வேலையில அப்படித்தான். தொண்டைக்குள்ள இறங்கினாத்தானே கணக்கு."

ஒரு துண்டை வாயிலிட்டு மென்றார். காகிதக் கோப்பையில் துப்பினார். நிரஞ்சன் தண்ணீர் தந்தான், கொப்பளித்தார். இன்னொரு துண்டு. மென்றார், துப்பினார்.

சங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன குறை?" என்று கேட்டார் உலகம்மாள்.

"ஒண்ணும் பிடிபடல. அதான் பயமா இருக்கு. இவ்வளவு சுத்தமா யாரும்மா செய்வா?"

"உங்க காலத்துல எதையாவது சுத்தமானதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

"எத்தனையோ சொல்லியிருக்கேன்."

"சொன்ன பிறகு அதைத் தின்னிருக்கீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார். கண் வீங்கியிருந்தது; காலையிலிருந்தே அழுதிருக்கிறாள் போலிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் இவள் நிஜமாகவே விட்டுவிடுவாள். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தட்டில் கருகிய ஓரத் துண்டு ஒன்று மிச்சமிருந்தது.

"அது வேண்டாம் சார்," என்றான் நிரஞ்சன். "அது சங்கரிக்கு எடுத்து வெச்சது. ஓரம்னா அவங்களுக்கு ரொம்ப இஷ்டம்."

ஆவுடையப்பன் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு துண்டை இரண்டாய்ப் பிட்டார். ஒரு பாதியைத் தட்டிலேயே வைத்தார். மறு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். வெகுநேரம் மென்றார்.

உலகம்மாள் காகிதக் கோப்பையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"துப்புங்க."

ஆவுடையப்பன் தலையை ஆட்டி மறுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார், கசப்பு மருந்து குடிக்கிறவர் போல. தொண்டை ஏறி இறங்கியது.

கொப்பளிக்கத் தண்ணீரோடு நின்றிருந்தான் நிரஞ்சன்.

"ரவை கொஞ்சம் தூக்கல், மாப்பிள்ளை," என்றார் ஆவுடையப்பன்.